தொடை வழியே தலைக்கு

வேலூர்க்காரர்களுக்கு அமிர்தி என்றால் உயிரியல் பூங்கா, அருவி, ஞாயிற்றுக்கிழமைக் கட்டுச்சோறு. மலைமேல் இருப்பவர்களுக்கு அது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. ஜவ்வாது மலையிலிருந்து இந்தப் பக்கமாக இறங்கினால் முதலில் அமிர்தி, அப்புறம் கணியம்பாடி, அடுத்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, கடைசியில் வேலூர் டவுனும் சிஎம்சி எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும். அமிர்தியிலிருந்து எண்ணினால் சுமார் 25 கிலோமீட்டர். இந்தியாவிலேயே நரம்பியல் அறுவை சிகிச்சைக்கென்று முதல் துறை உருவானது இந்தச் சாலை போய் முடிகிற ஊரில்தான். கோட்டயத்தைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி, கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1949-ல் சிஎம்சியில் அதைத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் மூளையின் ரத்தக்குழாய் வெடித்தால் அறுவை மருத்துவருக்குத் தெரிந்த நேரடி வழி மண்டை ஓட்டைத் திறப்பதுதான். இன்று பலருக்குத் தொடை இடுக்கில் அல்லது மணிக்கட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை போட்டாலே வேலை முடிந்துவிடுகிறது.

வெடிப்பது எது? மூளையின் அடிப்பகுதியில் ரத்தக்குழாய்கள் கைகோத்து ஒரு வளையமாக நிற்கின்றன. 1664-ல் இதை விரிவாக எழுதியவர் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ். அவர் புத்தகத்துக்குப் படம் வரைந்து கொடுத்தவர் கிறிஸ்டோபர் ரென். பிற்பாடு லண்டன் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டினாரே, அவரேதான். இந்த வளையத்தில் குழாய்கள் கிளை பிரியும் இடங்கள்தான் பலவீனமானவை. மலையோடை இரண்டாகப் பிரியுமிடத்தில் நடுவே நிற்கும் பாறைதான் தண்ணீரின் முழு அடியையும் வாங்கும் இல்லையா? அப்படித்தான் இங்கும். ஆண்டுக்கணக்கில் ரத்தம் மோதி மோதிச் சுவர் மெலிந்து, ஒரு கொப்புளமாகப் புடைத்துவிடும். அதுதான் அன்யூரிசம். புகை, உயர் ரத்த அழுத்தம், குடும்ப வரலாறு இதற்குத் துணைபோகும். பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது.

வயது வந்தோரில் 100 பேரை ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 3 பேர் தலையில் இப்படி ஒன்று இருக்கும். பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்கச் சத்தம் காட்டாமல் கிடந்துவிடுகின்றன. இதை அழுத்திச் சொல்லக் காரணம், ‘முழு உடல் பரிசோதனை’ என்ற பெயரில் எடுத்த ஸ்கேனில் 3 மில்லிமீட்டர் கொப்புளம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். சின்னதாக இருந்தால் பிரஷரைக் கட்டுக்குள் வைத்து, சிகரெட்டை விட்டு, அவ்வப்போது படமெடுத்துப் பார்த்தாலே பலருக்குப் போதும்.

வெடித்துவிட்டால் கதையே வேறு. ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறும் தலைவலி, வாழ்க்கையில் இதுவரை வந்திராத தலைவலி. கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம், சிலருக்கு மயக்கம், சிலருக்கு ஒரு கண் இமை மட்டும் தொங்கிப்போவது. நம் வீடுகளில் இதற்கு வெயில், பித்தம், சூடு என்று உடனே ஒரு பெயர் கிடைத்துவிடும். தைலமும் பற்றும் போட்டுப் படுக்க வைத்துவிடுவோம். ஒருமுறை கசிந்து நின்ற கொப்புளம் மறுபடி வெடிக்கும் வாய்ப்பு முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாவது வெடிப்பைத் தாங்குபவர்கள் குறைவு.

சிடி ஸ்கேனும் நேரத்துக்குக் கட்டுப்பட்டது. தலைவலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுத்தால், கசிந்த ரத்தம் நவீனக் கருவியின் கண்ணுக்கு அநேகமாகத் தப்பாது. நாளாக ஆக அந்த வெள்ளை நிறம் மங்கி, ஒரு வாரத்தில் பாதிப் பேருக்குப் படத்தில் ரத்தமே தெரியாமல் போகும். அப்போது முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆக, அமிர்தியிலிருந்து காரில் வருபவர் சிடிக்கு ஏற்ற நேரத்தில் அடுக்கம்பாறையை எட்டிவிடுவார். அமிர்திக்கு மேலே, வண்டி போகாத குக்கிராமத்தில் இருப்பவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அணைக்கட்டு பக்கத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை சாலை இல்லாததால் வழியிலேயே இறந்தது 2023-ல்தான்.

கொப்புளத்தின் கழுத்தில் கவ்வி (கிளிப்) போட்டு அடைப்பதுதான் பழைய வைத்தியம். 1937-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டேண்டி வெள்ளியாலான ஒரு சின்னக் கவ்வியை முதன்முதலாக இதற்கு வைத்தார். உள்ளிருந்தே அடைக்க முடியாதா என்ற கேள்வி அப்புறம் பலரைப் படுத்தியது. மாஸ்கோவின் ஃபியோதர் செர்பினென்கோ, குழாய் வழியே சின்னஞ்சிறு பலூனைக் கொண்டுபோய்க் கழற்றிவிடும் முறையை 1974-ல் உலகுக்குச் சொன்னார். ஆனால் பலூன் தன் உருவத்துக்கே நிற்கும். கொப்புளத்தின் கோணல் வடிவத்துக்கு வளையாது, சுவரைக் கிழித்துவிடவும் செய்யும்.

விடை இத்தாலிய மருத்துவர் குய்டோ குல்யெல்மிக்கு ஓர் எரிச்சலூட்டும் கோளாறாக வந்து சேர்ந்தது. கொப்புளத்துக்குள் கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் ரத்தம் உறையும் என்று ஆய்வக விலங்கில் முயன்றுகொண்டிருந்தார். கம்பியின் நுனி அரித்து, கழன்று உள்ளேயே விழுந்துவிட்டது. விழுவதையே ஏன் வேலையாக வைத்துக்கொள்ளக் கூடாது? கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏவில் இந்த யோசனை கருவியாயிற்று. 1990-ல் முதல் நோயாளிகள், 1995-ல் அமெரிக்க அரசின் ஒப்புதல்.

சூட்சுமம் பள்ளி வேதியியல்தான். தள்ளிச் செல்லும் கம்பி எஃகு. அதன் முனையில் மென்மையான பிளாட்டினச் சுருள், அதாவது காயில். இரண்டும் சேருமிடத்தில் மட்டும் எஃகு உறையில்லாமல் இருக்கும். மருத்துவர் பொத்தானை அழுத்தினால் ஒரு மில்லிஆம்பியர் அளவிலான நேர்மின்சாரம் பாயும். ரத்தம் உப்புநீர், அதில் அந்தத் துளி எஃகு கரைந்துவிடும், பிளாட்டினம் கரையாது. சுருள் விடுபட்டு உள்ளே நிற்கும், கம்பி வெளியே வந்துவிடும். கழற்றும் வரை சுருளைத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. சரியாக உட்காரவில்லையா, இழு, மறுபடி வை.

ரத்தக்குழாய்ச் சிகிச்சைக் கூடமான கேத் லேபில் நோயாளி மயக்க மருந்தில் இருப்பார். தொடைத் தமனியில் நுழையும் குழாய் மகாதமனி வழியாகக் கழுத்து வரை ஏறும். அதற்குள்ளிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய் கொப்புளத்துக்குள் எட்டிப் பார்க்கும். இரு திசைகளிலிருந்து எக்ஸ்ரே, திரையில் எலும்பை நீக்கிவிட்டு ரத்தக்குழாய் மட்டும். முதல் சுருள் கூடு கட்டும், அடுத்தடுத்தவை அந்தக் கூட்டை நிரப்பும். கொப்புளத்தின் கொள்ளளவில் கால் பங்குக்குப் பிளாட்டினம் போனால் போதும். மிச்சத்தை உறைந்த ரத்தம் பார்த்துக்கொள்ளும். 6 மில்லிமீட்டர் கொப்புளத்துக்கு, கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள சுருள் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டால் அரை மீட்டரைத் தாண்டுகிறது. ஒரே சுருளாக அது போகாது, ஐந்தாறு வேண்டியிருக்கும்.

இந்த ஐந்தாறுதான் காசு. 2018-ல் வந்த மத்திய அரசுக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தின் பட்டியலில் காயிலிங்குக்கு இடம் உண்டு: முதல் மூன்று காயில் ஒரே தொகுப்பில், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். பட்டியல் போட்டவர் வேலையறிந்தே போட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. ஆனாலும் நான்காவது காயிலுக்கான கையெழுத்துக்காக வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்த வரி வேறு மாதிரிப் படும்.

கிளிப்பா, காயிலா? இதற்கு முதல் கனமான விடை 2002-ல் லான்செட் இதழில் வந்தது. 2,143 நோயாளிகள். ஓராண்டு கழித்து இறந்தவர்களும் பிறர் உதவியில் வாழ்பவர்களும், காயில் வைத்தவர்களில் 23.7 சதவீதம், மண்டை திறந்து கிளிப் போட்டவர்களில் 30.6 சதவீதம். இரண்டு முறையும் பொருந்தும் என்று மருத்துவர்கள் நினைத்த நோயாளிகள் மட்டுமே இதில் இருந்தார்கள். அகலமான கழுத்து, எட்டாத வளைவு என்றால் கிளிப்புக்கு இன்றும் மதிப்புண்டு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நடிகை எமிலியா கிளார்க்குக்கு 2011-ல் வெடித்ததைக் காயிலால் அடைத்தார்கள். இன்னொரு கொப்புளத்துக்கு 2013-ல் அதே வழியில் முயன்று முடியாமல் மண்டையைத் திறக்க வேண்டியதாயிற்று. அவரே எழுதியிருக்கிறார்.

அகலக் கழுத்துக்கு இப்போது வேறொரு உத்தி: கொப்புளத்தைத் தொடாமல், தாய்க்குழாயில் நெருக்கமான வலை ஒன்றை விரித்து ரத்தத்தைத் திருப்பிவிடுவது. அமெரிக்காவில் 2011-ல் ஒப்புதல் பெற்றது. விலை மிக அதிகம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம், பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தின் (என்ஏஎல்) உதவியோடு இத்தகைய வலையை உருவாக்கி, 2020-ல் தயாரிப்புக்கான தொழில்நுட்பத்தை ஒரு இந்திய நிறுவனத்துக்குக் கைமாற்றியது.

காயில் வைத்தவுடன் எல்லாம் முடிந்தது என்று கிளம்பிவிட முடியாது. வெடித்தவர்களுக்கு நான்காம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை மூளைக் குழாய்கள் சுருங்கும் ஆபத்து. அதற்காக நிமோடிபின் மாத்திரை 4 மணிக்கொரு முறை, 21 நாள். ராத்திரியும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். அப்புறம் சுருள்கள் நாளடைவில் அமுங்கி, கழுத்தருகே மறுபடி ரத்தம் புகலாம் என்பதால் ஆறு மாதம் வாக்கில் ஒரு ஆஞ்சியோ. இந்த இரண்டாவது வருகைதான் மலையில் தவறிப்போகக்கூடியது. தலைவலி போய்விட்டது, ஆள் நடமாடுகிறார், சாமை அறுப்பு நடக்கிறது. எதற்கு இறங்க வேண்டும்? சிலருக்கு ஆஞ்சியோவுக்குப் பதில் எம்ஆர் படமே போதும். பிளாட்டினம் காந்தத்துக்கு மசியாது, எம்ஆர்ஐக்குத் தடையில்லை. டிஸ்சார்ஜ் சீட்டை மட்டும் கையோடு கொண்டுபோக வேண்டும்; உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று அங்கே கேட்பார்கள்.