மழலையரும் படக்காட்சியும்

எடப்பாடிப் பக்கத்துத் தாய்மார் காலை நீட்டி அமர்ந்து, பாதங்களின்மேல் குழந்தையை இருத்தி, ‘உஸ்’ என்று ஒலியெழுப்பி மலசலம் கழிக்கச் செய்வர். அவ்வொலியும் அவ்விருப்பும் நாள்தோறும் ஒருங்கே நிகழ்வதால், குழந்தை அவற்றைக் குறிப்பாகக் கொள்கிறது. தானே அடக்கவும் கழிக்கவும் வல்ல ஆற்றலோ பெரும்பாலும் 18 திங்கள் கடந்த பின்னரே மெல்ல அமைகிறது.

இன்று இப்பழக்கத்தைக் கற்பிக்கும் காணொளிகள் கைப்பேசியில் கிடைக்கின்றன. பொம்மையொன்று கழிப்பறைக்குச் செல்வதையும் கை கழுவுவதையும் கண்டு குழந்தை மகிழும். ஆயினும் திரையிற் கண்டதைவிட, நேரில் ஒருவர் செய்து காட்டுவதையே இரண்டு வயதுக் குழந்தை எளிதிற் பற்றிக்கொள்ளும் என்பது உளநூலார் கண்ட உண்மை. உலகச் சுகாதார நிறுவனமும் 2019 இல், ஒரு வயதினர்க்குத் திரை வேண்டா என்றும், இரண்டு வயதினர்க்கு நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மிகலாகாது என்றும் அறிவுறுத்தியது.

விசைத்தறி ஓடும் வீட்டில் தாய்க்கு ஓய்வு அரிது. ஆகவே, தம்பி தங்கையர்க்குத் துணையாக நீங்கள் அருகமர்ந்து படத்தைக் காட்டுங்கள், ‘நாமும் போவோமா?’ என்று உடனே அழைத்துச் செல்லுங்கள். துணி நனைந்தால் நகையாதீர்கள், கடிந்துகொள்ளாதீர்கள். அஞ்சிய குழந்தை மலத்தை அடக்கும், அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலிக்கு அஞ்சி மேலும் அடக்கும். இச்சுழலிற் சிக்காமற் காப்பது அருகிருப்போரின் கனிந்த சொல்லேயாம்.