பாய்மரத்துல ஏறின சாக்லேட்!

கேன்டீன்ல சாக்லேட்டைப் பிரிக்கறப்ப, 'இது எப்படிடா இங்க வந்துச்சு?'னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? மாட் கிரீன் யோசிச்சார்!

அமெரிக்காக்காரர். டிகிரி வாங்க சில மாசமே இருக்கறப்ப காலேஜுக்கு டாட்டா காட்டினவர். (உடனே டி.சி. கேட்டு ஆபீஸ் ரூமுக்கு ஓடிடாதீங்க பாஸ்!) கரீபியன் கடல்ல இருக்கிற குட்டித் தீவு கிரெனடாவுல போய் செட்டிலானார். அங்கே கோகோ விளையும். ஆனா, கொட்டையை மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிடுவாங்க. சாக்லேட் ஆக்கி லாபம் பார்க்கிறது வேற யாரோ!

இது பொறுக்காம, 1999-ல் ரெண்டு நண்பர்களோட 'கிரெனடா சாக்லேட் கம்பெனி' ஆரம்பிச்சார். கோகோ மரத்துல இருந்து சாக்லேட் பார் வரைக்கும் எல்லாம் உள்ளூர்லயே. மெஷினுக்கு சோலார் கரன்ட்!

சரி, வெளிநாட்டுக் கடைகளுக்கு எப்படிக் கொண்டுபோறது? சாக்லேட்டோ 34 டிகிரி செல்சியஸை நெருங்கினா உருகிடும். 2012-ல் இன்ஜினே இல்லாத 'ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்'ங்கிற பாய்மரக் கப்பல்ல ஆயிரக்கணக்கான பார்களை ஏத்தினாங்க. காத்தை நம்பியே அட்லான்டிக்கைத் தாண்டி ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்துச்சு. துறைமுகத்துல இருந்து? சைக்கிள்! தன்னார்வலர்கள் மிதிச்சே கொண்டுபோனாங்க.

2013 ஜூன்ல, கடல் பயணத்துல சாக்லேட்டைக் குளிர்ச்சியா வைக்கிற சோலார் கருவியில வேலை பார்த்துட்டு இருந்தப்ப, மின்சாரம் தாக்கி மாட் இறந்துட்டார். வயசு 47. கம்பெனி மட்டும் நிக்கலை.

புராஜெக்ட் ஓடினதும் 'அப்பாடா, முடிஞ்சுது!'னு கையைத் தட்டிட்டு எழுந்துடறோமே... அது கடை வரைக்கும் எப்படிப் போகும்னு யோசிச்சோமா, ஃப்ரெண்ட்ஸ்?