ரெட்ரோ பைக்: எது நிஜம், எது வேஷம்?

1940களிலிருந்து 1970கள் வரை சாலையில் ஓடிய பைக்குகளின் உருவத்தில், இன்றைய இன்ஜினையும் பிரேக்கையும் வைத்துச் செய்யப்படும் புது வண்டியை ரெட்ரோ பைக் என்கிறார்கள். வட்ட ஹெட்லைட், கண்ணீர்த்துளி வடிவப் பெட்ரோல் டேங்க், நீளமான தட்டை சீட், கம்பி வீல், குரோம் சைலன்சர் ஆகியவை இதன் அடையாளங்கள். மிலனிலோ டோக்கியோவிலோ கண்காட்சி மேடையில் இப்படி ஒரு வண்டியின் திரை விலகியதும் ரசிகர்களிடையே விவாதம் தொடங்கிவிடும். குதிரைத்திறன் எவ்வளவு, விலை எவ்வளவு என்பதெல்லாம் பிறகுதான். கண்ணில் படும் பழைய உறுப்புகளில் எது உண்மையிலேயே வேலை செய்கிறது, எது வெறும் வேஷம் என்பதுதான் முதல் கேள்வி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு ரெட்ரோ பைக் எவ்வளவு அக்கறையோடு செய்யப்பட்டது என்பதை இந்தக் கேள்விதான் வெளிக்கொண்டுவருகிறது.

விவாதம் பெரும்பாலும் சிலிண்டரில் ஆரம்பிக்கும். பழைய இன்ஜின்கள் காற்றால் குளிர்ந்தவை. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக நீட்டிக்கொண்டிருக்கும் ‘ஃபின்’ எனப்படும் தகடுகள் வெப்பம் வெளியேறும் பரப்பைக் கூட்டுகின்றன. ஓடும் வண்டியில் மோதும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. நெரிசலில் வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடும், இன்ஜின் கொதிக்கும். உலோகம் விரிந்து சுருங்குவதற்காகப் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கொஞ்சம் தாராளமாகவே இடைவெளி விட வேண்டும். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடினால் சூடு ஒரே சீராக நிற்கும். இடைவெளியைக் குறைக்கலாம், எரிதலைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தலாம். தண்ணீர் உறை இன்ஜின் சத்தத்தையும் அடக்கும். ஐரோப்பாவின் யூரோ 4, யூரோ 5 விதிகளும், இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் அமலான பிஎஸ் 6 விதியும் பல நிறுவனங்களைத் தண்ணீரின் பக்கம் தள்ளின. தண்ணீர் வந்தபின் ஃபின்னுக்கு வேலை குறைந்துபோனது. ஆனாலும் ஃபின் இல்லாத சிலிண்டர் பழைய வண்டியின் முகத்தோடு ஒட்டாது.

2017 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் கவாசாகி நிறுவனம் காட்டிய இசட்900ஆர்எஸ் இதற்குச் சரியான உதாரணம். 1972இல் வந்த 903 சிசி இசட்1தான் அதன் மூலம். பழுப்பும் ஆரஞ்சும் கலந்த அதே வண்ணம், வாத்தின் வால்போல் நிமிர்ந்த அதே பின்பகுதி. உள்ளே இருப்பதோ தண்ணீரால் குளிரும் 948 சிசி இன்ஜின். சிலிண்டரில் தெரியும் ஃபின்கள் தோற்றத்துக்காக வார்க்கப்பட்டவை. ரசிகர்கள் டேங்க்கைக் கொண்டாடினார்கள், வண்ணத்தைக் கொண்டாடினார்கள், ஃபின்னைக்கூட மன்னித்தார்கள். மன்னிக்காதது இரண்டு. இசட்1இல் நான்கு சைலன்சர்கள் பக்கத்துக்கு இரண்டாக விரிந்து நிற்கும். புதியதில் நான்கு குழாய்களும் ஒரே சைலன்சரில் முடிகின்றன. பின்சக்கரத்தின் இருபுறமும் நின்ற இரட்டை ஷாக் அப்சார்பர்களுக்குப் பதிலாக, கண்ணில் படாத ஒற்றை ஷாக் வந்திருந்தது. பின்பக்கமிருந்து பார்த்தால் இது இசட்1 இல்லை என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பழைய வண்டியின் பின்தோற்றத்துக்கு உயிர் கொடுத்தவை அந்த நான்கு குழாய்களும் இரண்டு ஷாக்குகளும்தான்.

மறைப்பதையே ஒரு கலையாக்கியது இங்கிலாந்தின் ட்ரயம்ஃப். 1959இல் வந்த முதல் பான்வில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வேகச் சாதனைகள் நிகழும் உப்புவெளியின் பெயரைத் தாங்கியது. 2016 மாடலாக வந்த 1200 சிசி பான்வில் டி120இல் பெட்ரோலை அளந்து தெளிப்பது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். ஆனால் அதன் த்ராட்டில் பாடிகள் பழைய அமால் கார்புரேட்டரின் வடிவில் வார்க்கப்பட்டுள்ளன. ரேடியேட்டர் முன்பக்கச் சட்டக் குழாய்களுக்கு நடுவே ஒல்லியாக ஒளிந்திருக்கிறது. புகையைச் சுத்திகரிக்கும் பெட்டி இன்ஜினின் அடியில் இருக்கிறது. சைலன்சர் குழாய் அங்கே வளைந்து போய்த் திரும்புவது தெரியாமல், வெளியிலிருந்து ஒரே நேர்க்கோடாக ஓடுவதுபோல் அமைத்திருக்கிறார்கள். கார்புரேட்டர் வேஷத்தைப் பொய் என்பவர்கள் உண்டு. ஆனால் விதியை மதித்தே ஆக வேண்டிய வடிவமைப்பாளர் பார்வைக்கு இவ்வளவு சிரத்தை எடுப்பது பாராட்டத்தக்க உழைப்பு. அந்த வண்டியின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அதே பான்வில்லில் இன்னும் ஆழமான சண்டை சத்தத்தைப் பற்றியது. பழைய வண்டியில் இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி இறங்கும். க்ராங்க் ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, சீரான இடைவெளியில். 2001 மாடலாக வந்த 790 சிசி பான்வில்லும் இந்த 360 டிகிரி அமைப்பைக் காப்பாற்றியது. 2016 மாடலில் க்ராங்க் 270 டிகிரிக்கு மாறியது. ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்றது பாதிவழியில் ஓடிக்கொண்டிருப்பதால் அதிர்வு குறைகிறது; வெடிப்புகள் 270, 450 டிகிரி எனச் சமமற்ற இடைவெளியில் விழுவதால் வி-ட்வின் இன்ஜினின் தாளம் கேட்கிறது. ஓட்டுவதற்கு இதுவே மேல் என்பதைப் பழமைவாதிகளும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் பான்வில் என்று சொல்ல முடியாது என்பதே அவர்களுடைய குறை.

இந்தியாவில் இந்த விவாதம் சூடுபிடித்தது 2018 நவம்பர் 15 அன்று, ஜாவா திரும்பி வந்தபோது. மைசூரில் 1960களிலிருந்து தயாராகி, 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் ஓடி, 1996இல் நின்றுபோன வண்டி அது. பழைய ஜாவா 250 சிசி டூ-ஸ்ட்ரோக். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். கிக்கரும் கியர் லீவரும் ஒரே கம்பி. உதைத்து ஸ்டார்ட் செய்து, அதையே முன்னால் திருப்பி கியர் போடுவார்கள். புதிய ஜாவாவில் 293 சிசி, தண்ணீரால் குளிரும் ஃபோர்-ஸ்ட்ரோக். முட்டை வடிவ இன்ஜின் மூடியும் இரட்டைச் சைலன்சரும் தப்பின. கிக்கர் வித்தையும், எண்ணெய் கலந்த பெட்ரோல் எரியும் வாசமும், அந்தக் கணகணப்பும் போயின. டூ-ஸ்ட்ரோக்கை இன்றைய விதிகளுக்குள் கொண்டுவருவது மிகக் கடினம் என்பதால் இந்த இழப்புக்கு யாரையும் நொந்து பயனில்லை.

மற்றவர்கள் அறுந்த இழையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. சென்னைத் திருவொற்றியூரின் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையில் இழை அறுபடவே இல்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு, புல்லட் என்ற பெயரை 1932இல் சூட்டியது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. தாய் நிறுவனம் 1970இல் மூடிய பிறகும் புல்லட் இங்கே தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. வார்ப்பிரும்பு சிலிண்டர், 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. பிரேக் இடப்பக்கம், கியர் வலப்பக்கம். ஸ்டார்ட் செய்வதற்கே ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு நூல் இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழு எடையோடு ஒரே உதை. முள் சொன்னதைக் கேட்காமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். இதைக் கற்றுக்கொண்டவரைத்தான் அன்று புல்லட் ஓட்டத் தெரிந்தவராக ஏற்றுக்கொண்டார்கள்.

2009இல் வந்த கிளாசிக், 1940களின் பிற்பகுதி மாடல் ஒன்றின் சாயலை எடுத்துக்கொண்டது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே உறைக்குள் வந்தன. கிக்கர் இருந்தது, செல்ஃப் ஸ்டார்ட்டும் இருந்தது. 2021 செப்டம்பரில் புதிய கிளாசிக் 350 வந்தபோது கிக்கர் போய்விட்டது. அதைவிடப் பெரிய மாற்றம் உள்ளே: அதிர்வை எதிர்த்துச் சுழலும் பேலன்சர் ஷாஃப்ட். பழைய வண்டி எண்பதைத் தொட்டால் ஹேண்டில்பார் நடுங்கும், கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கித் தெரியும். புதியதில் அந்த வேகத்தில் கண்ணாடி தெளிவாக இருக்கிறது. ‘வண்டி பேசுவதை நிறுத்திவிட்டது’ என்று வருத்தப்பட்டவர்கள் பலர். ஆனால் 72 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 85.8 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்ற நீண்ட அமைப்பையும், காற்றும் எண்ணெயும் குளிர்விக்கும் முறையையும் பொறியாளர்கள் விட்டுவிடவில்லை. ஐடிலில் புல்லட்டின் அந்த டப் டப் சத்தம் இன்னும் கேட்கிறது. நடுக்கத்தைக் கழித்துவிட்டுத் துடிப்பை மட்டும் வைத்துக்கொள்வது ஃபின் ஒட்டுவதைவிடப் பல மடங்கு கடினமான வேலை.

2017 நவம்பரில் மிலனில் வெளியான இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டும் ரசிகர்களிடம் சுலபமாகத் தேறின. 648 சிசி இரட்டைச் சிலிண்டர், 47 குதிரைத்திறன், பக்கத்துக்கொன்றாக இரண்டு சைலன்சர். ஃபின்கள் நிஜமாகவே காற்றில் குளிர்கின்றன. துணைக்கு முன்னால் ஓர் எண்ணெய்க் குளிர்விப்பான் வெளிப்படையாகத் தொங்குகிறது. அதை ஒளித்துவைக்காததே நல்லது என்று பலருக்குப் பட்டது.

புல்லட் டேங்கில் ஓடும் பொன்னிறக் கோடுகளைத் திருவொற்றியூரில் கைத்தூரிகையால் வரைந்து வந்ததும் இந்த விவாதத்தில் இடம்பெறத் தக்கது. அளவுகோல் கிடையாது, ஒட்டுநாடா கிடையாது. மெல்லிய நீண்ட மயிர்த் தூரிகை டேங்கின் வளைவோடு ஒரே இழுப்பில் போகும். இரண்டு டேங்க்குகளை அருகருகே வைத்தால் கோட்டின் முனைகளில் மயிரிழை வித்தியாசம் தெரியும். ஸ்டிக்கர் அதை நகலெடுக்கலாம், அந்த வித்தியாசத்தைத் தர முடியாது.

ரசிகரின் கைதட்டல் எப்போதும் விற்பனையாக மாறுவதில்லை. 2003இல் டோக்கியோவில் டுகாட்டி காட்டிய ஸ்போர்ட்கிளாசிக் வரிசை பெரும் வரவேற்பைப் பெற்றது. 1972இல் இமோலா 200 பந்தயத்தை டுகாட்டி 750இல் வென்ற பால் ஸ்மார்ட்டின் பெயரிலேயே ஒரு மாடல் வந்தது. ஆனால் குனிந்து படுத்து ஓட்டும் இருக்கையும் விலையும் வாங்குபவர்களைத் தயங்கவைத்தன. சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. பிறகு பழைய சந்தையில் அதன் மதிப்பு ஏறியது. யமஹாவின் எஸ்ஆர்400க்கு வேறு கதை. 1978இல் வந்து, கடைசிவரை செல்ஃப் ஸ்டார்ட்டே இல்லாமல் கிக்கரோடு மட்டும் ஓடிய அந்த வண்டி ஜப்பானில் 2021இல் விடைபெற்றது. அது யாரையும் நகலெடுக்கவில்லை. மாறாமல் நின்றதாலேயே ரெட்ரோ ஆனது.

இப்போது விவாதம் மின்சார வண்டிக்கு வந்திருக்கிறது. 2024 நவம்பரில் மிலனில் ராயல் என்ஃபீல்டு காட்டிய ஃப்ளையிங் ஃப்ளீ சி6, இரண்டாம் உலகப்போரில் விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கப்பட்ட 125 சிசி வண்டியின் பெயரையும் உருவத்தையும் எடுத்துக்கொண்டது. முன்பக்கம் பழைய பாணி கர்டர் ஃபோர்க். இன்ஜின் இருந்த இடத்தில் மக்னீசிய உறைக்குள் பேட்டரி; அந்த உறையைச் சுற்றிலும் ஃபின்கள். டப் டப் இல்லாத என்ஃபீல்டை ஏற்பதா என்று ரசிகர்கள் பிரிந்து நிற்கிறார்கள். அந்த ஃபின்களைப் பொறுத்தவரை சந்தேகம் இல்லை: பேட்டரியின் சூட்டை வெளியேற்றும் வேலையை அவை செய்கின்றன.