குடலிறக்கம்: எந்த ஆபரேஷன் யாருக்கு?

கூச்சத்தில் கழியும் ஆண்டுகள்

கொழிஞ்சாம்பாறையில் தென்னை ஏறுபவர், உடும்பஞ்சோலையில் ஏலக்காய் மூட்டை தூக்குபவர், மூணாறு எஸ்டேட்டில் கவாத்து வெட்டுபவர் என யாருக்கும் குடலிறக்கம் வரலாம். தொடை இடுக்கில் சிறு புடைப்பு; இருமினால் எட்டிப்பார்க்கும், படுத்தால் உள்ளே போய்விடும். வலி இல்லாததாலும் வெளியே சொல்லக் கூச்சமாக இருப்பதாலும் பலர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். ஆண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடிய சாதாரணக் கோளாறு இது. வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையை பெல்ட்டோ மருந்தோ அடைக்காது.

ஓப்பன், லேப்ராஸ்கோப்பி: இரண்டிலும் வைப்பது வலைதான்

1980களில் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர் இர்விங் லிச்டென்ஸ்டைன், தசையை இழுத்துத் தைப்பதற்குப் பதிலாக ஓட்டையின் மேல் செயற்கை வலையை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். இன்று 'ஓப்பன்' என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான். இடுக்கின் மேல் சில அங்குலக் கீறல் போடுவார்கள்; அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம். லேப்ராஸ்கோப்பியில் மூன்று சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் போகும். வலை சுவரின் உட்புறம் அமரும். இதற்குப் பொதுவாக முழு மயக்கம் தேவை.

லேப்ராஸ்கோப்பி என்னும் இந்தத் துளைவழிச் சிகிச்சையில் முதல் சில நாள் வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடமாடலாம், நாள்பட்ட வலியும் மரத்துப்போதலும் குறைவு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 14 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்குள் குடலிறக்கம் திரும்பி வந்தது துளைவழியில் 100க்கு 10 பேருக்கு, ஓப்பன் முறையில் 5 பேருக்கு. 250க்கு மேல் துளைவழி ஆபரேஷன் செய்து பழகிய மருத்துவர்களிடம் மட்டும் அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்தது. அதனால், "லேப்ராஸ்கோப்பி உண்டா?" என்பதோடு நிறுத்தாமல், "நீங்கள் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்றும் தயங்காமல் கேளுங்கள்.

யாருக்கு எது

இருபுறமும் இறங்கியிருந்தாலோ, முன்பு ஓப்பன் செய்து மறுபடி வந்திருந்தாலோ துளைவழியே நல்லது. இதய, நுரையீரல் கோளாறுள்ள முதியவருக்கு முழு மயக்கம் ஆபத்து. அவருக்கு ஓப்பன்தான் பாதுகாப்பு. அதை ஏழைக்கான இரண்டாந்தரச் சிகிச்சை என்று நினைப்பது தவறு.

கொழுந்து எடுக்கும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு இந்த நோய் குறைவு. ஆனால் அவர்களிடம் தொடை ரத்தக்குழாயை ஒட்டிய சிறு ஓட்டை வழியாகக் குடல் இறங்குவது அதிகம். அப்படி இறங்கிய குடல் சிக்கி இறுகும் வாய்ப்பும் அதிகம். தொந்தரவு இல்லாத ஆணுக்கு 'கொஞ்ச நாள் பார்க்கலாம்' என்று மருத்துவர் சொல்லலாம்; பெண்ணுக்கு அப்படித் தள்ளிப்போடக் கூடாது. கேமரா வழியே அந்த ஓட்டையையும் சேர்த்துப் பார்த்து மூடிவிடலாம் என்பதால், வசதி இருக்கும் இடத்தில் பெண்களுக்குத் துளைவழியையே பரிந்துரைக்கிறார்கள்.

கூலியும் கார்டும்

வெளியே புண் சிறிதாக இருக்கிறதென்று மறுவாரமே மூட்டை தூக்காதீர்கள். நடையும் வீட்டு வேலையும் சில நாளில் தொடங்கலாம். பாரம் எப்போது தூக்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆபரேஷனுக்காகக் கோயம்புத்தூருக்கோ தேனிக்கோ கிளம்பும் முன் காப்பீட்டை விசாரியுங்கள். கேரள அரசின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது, ஆனால் அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டும். தமிழக முதல்வர் காப்பீடு தமிழ்நாட்டு ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கானது.

காத்திருக்கக் கூடாத நேரம்

புடைப்பு கெட்டியாகி உள்ளே போக மறுத்தாலோ, வலி ஏறி வாந்தி வந்தாலோ, வயிறு உப்பிக் காற்றுப் பிரியாமல் நின்றாலோ, குடலுக்கு ரத்தம் போவது தடைபட்டிருக்கலாம். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். அமுக்கித் தள்ளிப் பார்க்காதீர்கள்; எண்ணெய் போட்டு உருவாதீர்கள்; சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். மலைப்பாதையில் இறங்கவே மணிக்கணக்காகும். விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த ஜீப்பில் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்போதே கிளம்புங்கள்.