இருவாச்சித் திருவிழா: நாகர் மலைக்கு ஓர் ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீளும் கலைஞர், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனது நாட்டிற்குச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுங்கால் தொலைவையும் திசையையும் மட்டும் கூறி அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்குள்ளன, புனங்காப்போர் எறியும் கவண்கற்களுக்குத் தப்புவது எவ்வாறு, வழுக்கும் பாறைகளைக் கடப்பது எவ்வாறு என்பனவற்றையும், மலைவாழ் மக்கள் வழங்கும் விருந்தின் இயல்பையும் விரித்துரைக்கிறது. பிறர் வாழும் நிலத்தினுள் அடிவைப்பதற்கு ஒரு முறைமை உண்டு என்பதே அதனால் நாம் பெறும் பாடம்.

இக்காலத்தில் மலைவாழ் மக்களின் விழாக்களைக் காணச் சுற்றுலாப் பயணியர் பெருந்தொகையினராய்ச் செல்கின்றனர். வழிச்செலவு எளிதாகிவிட்டது, முறைமையோ அருகி வருகிறது. இந்தியாவின் வடகிழக்கு எல்லையில், நாகாலாந்து மாநிலத்தில் ஆண்டுதோறும் நிகழும் இருவாச்சித் திருவிழாவைச் சான்றாகக் கொண்டு, ஒரு பழங்குடி விழாவினைக் காண்பது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

விழாவின் தோற்றம்

நாகாலாந்து 1963 டிசம்பர் 1 ஆம் நாள் இந்திய ஒன்றியத்தின் பதினாறாவது மாநிலமாக உருப்பெற்றது. அந்நாளையே தொடக்க நாளாகக் கொண்டு, 2000 ஆம் ஆண்டு முதல் மாநில அரசு இவ்விழாவை நடத்தி வருகிறது. டிசம்பர் 1 முதல் 10 வரை விழா நாள்கள். நாகர் மக்களின் தொன்மரபு விழாவன்று இது. அரசு தோற்றுவித்த புதுவிழா என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

நாகர் என்னும் பெயர் ஒன்றாயினும் அம்மக்கள் ஓரினத்தார் அல்லர். அங்காமி, ஆவோ, கொன்யாக், லோதா, சுமி, சகேசாங், ரெங்மா, சாங்தம், சாங், போம் முதலிய பல குடியினர் அவருள் அடங்குவர். ஒரு குடியினர் பேசும் மொழி மற்றொரு குடியினர்க்கு விளங்காது. அசாமிய மொழியின் அடியாகத் தோன்றிய நாகாமியம் என்னும் கலப்புமொழியே சந்தையிலும் தெருவிலும் அவர்களை இணைக்கிறது.

இக்குடியினர் ஒவ்வொருவர்க்கும் தத்தம் வேளாண் பருவத்தை ஒட்டிய விழா தனியே உண்டு. அங்காமியரின் செக்ரென்யி பிப்ரவரியிலும், கொன்யாக் மக்களின் ஆவோலிங் ஏப்ரலிலும், ஆவோ மக்களின் மோவாத்சு மே மாதத்திலும், சுமி மக்களின் துலுனி ஜூலையிலும், லோதா மக்களின் தோக்கு எமோங் நவம்பரிலும் நிகழும். விதைப்பும் அறுவடையும் அவ்விழாக்களின் உயிர்நாடி. வெவ்வேறு திங்களில் வெவ்வேறு ஊர்களில் நிகழ்வனவற்றின் ஆடலையும் பாடலையும் ஓரிடத்தில் பத்து நாள்களில் காணச் செய்வதே இருவாச்சித் திருவிழா. ஆகவே நாம் அங்குக் காண்பது முழுமையான வாழ்க்கையன்று. வாழ்க்கையிலிருந்து தெரிந்தெடுத்த ஒரு தொகைநூல். தொகைநூலைக் கற்றோர் அது தோன்றிய காலத்தையும் களத்தையும் தேடுதல் போல, விழாவைக் கண்டோரும் அதன் பின்னுள்ள ஊர்களைத் தேடுதல் வேண்டும்.

வழியும் களமும்

நாகாலாந்தின் தலைமைத் தொடர்வண்டி நிலையமும் வானூர்தி நிலையமும் திமாப்பூரில் உள்ளன. அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் தலைநகராகிய கோகிமாவை அடையலாம். பிற மாநிலத்தார் உள்நாட்டு எல்லை அனுமதிச் சீட்டுப் பெற்ற பின்னரே மாநிலத்தினுள் நுழைதல் இயலும். 1873 ஆம் ஆண்டின் வங்காளக் கிழக்கெல்லை ஒழுங்குமுறைச் சட்டத்தில் வேர்கொண்ட முறை இது. ஆங்கிலேயர் தம் தேயிலை, மர வணிக நலன் கருதி வகுத்த எல்லைக்கோடு, இன்று அம்மக்கள் தம் நிலத்தையும் வழக்காறுகளையும் காத்துக்கொள்ளும் அரணாக மாறியிருப்பது வரலாற்றின் விந்தை. அரசியலமைப்பின் 371-அ உறுப்பும் அவர்தம் சமய, சமூக வழக்கங்களுக்கும் நில உரிமைக்கும் தனிக்காப்பு வழங்குகிறது. அனுமதிச் சீட்டினை ஒரு தொல்லையாக எண்ணாது, வாயிலில் நின்று உள்ளே வரலாமா என வினவும் பண்பாகக் கருதுதல் தகும்.

விழாக்களம் கோகிமாவிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிசாமா பாரம்பரிய ஊர் ஆகும். கிக்வேமா, பேசமா என்னும் ஈரூர்ப் பெயர்களின் கூறுகளோடு, ஊர் எனப் பொருள்படும் 'மா' என்னும் சொல் இணைந்து கிசாமா ஆயிற்று. மலைச்சரிவில் ஒவ்வொரு குடியினரும் தத்தம் மரபுப்படி எழுப்பிய மோருங் என்னும் மனைகள் அங்கு நிற்கின்றன.

மோருங் என்பது பண்டு ஊர்தோறும் இருந்த இளைஞர் மன்றம். உரிய அகவை எய்திய சிறுவர் இரவில் அங்கே தங்கி, மூத்தோரிடம் ஊர்வரலாறும், பாட்டும், கைத்தொழிலும், ஊர்காவலும் கற்றனர். எழுத்து வழக்கில்லாத சமுதாயத்திற்கு அதுவே பள்ளி, அதுவே நூலகம். கொன்யாக், ஆவோ முதலிய குடியினரிடையே பெருமரத்தைக் குடைந்து செய்த நீண்ட மரமுரசும் உண்டு. காட்டில் வெட்டிய மரத்தை ஊரார் யாவரும் கூடி இழுத்துவருவர். பகைவரவையும், இறப்பையும், விழாவையும் அம்முரசே ஊர்க்கு அறிவித்தது. குறிஞ்சித் திணைக்குத் தொண்டகப்பறையைக் கருப்பொருளாக ஓதும் நமக்கு, ஒரு நிலத்தின் முரசு அந்நிலத்து மாந்தரின் குரலே என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

களரியில் பகற்பொழுதில் ஆடல், பாடல், போர்நடனம் ஆகியன நிகழும். எண்ணெய் பூசிய மூங்கிலில் ஏறும் போட்டியும், நாகமிளகாய் உண்ணும் போட்டியும் காண்போரை மகிழ்விக்கும். 2008 இல் புவிசார் குறியீடு பெற்ற அம்மிளகாய், உலகின் மிகு காரமுடைய மிளகாய் வகைகளுள் ஒன்று. மாலையில் மேலையிசைப் போட்டிகளும் நடைபெறும். பகலில் முன்னோரின் உடையணிந்து ஆடிய இளைஞரே இரவில் கித்தார் இசைப்பதைக் கண்டு, தொன்மை கெட்டது எனப் பயணியர் சிலர் வருந்துவர். அவ்வருத்தம் பொருந்தாது. 1872 இல் ஆவோ நாட்டில் அமெரிக்கப் பாப்திஸ்து சமயப் பணியாளர் தொடங்கிய தொண்டின் வழியே கல்வியும் கிறித்தவமும் பரவின. 2011 மக்கட்கணக்கின்படி மாநில மக்களுள் நூற்றுக்கு 88 பேர் கிறித்தவர். அவர்கள் இக்காலத்து மாந்தர்; நாம் கண்டு களித்தற்பொருட்டு முற்காலத்திலேயே உறைந்து நிற்கும் கடமை அவர்க்கில்லை.

காட்சியும் காட்சிப்பொருளும்

இவ்விடத்தே விழாவின் மையச் சிக்கல் எழுகிறது. ஒரு மக்களின் வாழ்வை மேடையேற்றுங்கால், காண்போர் அவர்களை மாந்தராகக் காண்கின்றனரா, காட்சிப்பொருளாகக் காண்கின்றனரா என்பதே அது.

ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் நாகரின் அணிகலன்களோடு அவர்தம் முன்னோரின் எலும்புகளும் மண்டையோடுகளும் அயல்நாட்டு அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் நாகர் மண்டையோடு ஒன்று ஏலப்பட்டியலில் இடம்பெற்றது. நாகாலாந்தில் எழுந்த கடும் எதிர்ப்பின் பின்னரே அது விலக்கப்பெற்றது. தம் முன்னோரின் தலைக்கு விலை குறிக்கப்படுவதைக் கண்ட மக்கள், தம்மை நோக்கி நீளும் புகைப்படக் கருவியை ஐயுறுவதில் வியப்பென்ன?

கொன்யாக் முதியோர் சிலரின் முகத்தில் பச்சைக்குத்து உண்டு. தலைவேட்டை நிகழ்ந்த பண்டைக் காலத்தின் சுவடு அது. அவ்வழக்கம் சென்ற நூற்றாண்டிலேயே மறைந்தது. அம்முதியோரைச் சூழ்ந்து நின்று, பெயரும் வினவாது படமெடுத்துச் செல்வோர் பலர். ஒரு பாட்டனாரின் முகம் பொதுச்சொத்து ஆகாது. முதலில் வணக்கம், பின் இசைவு, அதன் பின்னரே படம். மறுப்பாராயின் புன்முறுவலோடு விலகுதல் வேண்டும்.

ஆடுவோர் மறுக்கவும் வல்லவர் என்பதை 2021 ஆம் ஆண்டு உலகிற்குக் காட்டியது. அவ்வாண்டு டிசம்பர் 4, 5 ஆகிய நாள்களில் மோன் மாவட்டத்தின் ஓதிங் ஊரிலும் அதனையொட்டிய நிகழ்வுகளிலும் பாதுகாப்புப் படையினரின் துப்பாக்கிச்சூட்டில் பொதுமக்கள் 14 பேர் உயிரிழந்தனர். சுரங்கப் பணி முடித்து வீடு திரும்பிய தொழிலாளரே முதலில் மாண்டனர். செய்தி எட்டியதும் கிழக்கு நாகாலாந்துக் குடியினர் விழாவினின்று விலகினர். மனைகளில் கறுப்புக்கொடிகள் ஏறின. சில நாள்களில் அரசும் எஞ்சிய விழாவைக் கைவிட்டது. இழவு வீட்டில் கூத்து நிகழாது என்பதை உணர்த்திய அம்மௌனம், பத்து நாள் ஆடலினும் மிகுதியாக அம்மக்களை நமக்கு அறிவித்தது.

போர்வையும் இறகும்

விழாக்கடைகளில் நாகர் போர்வைகள் விற்பனைக்கு உண்டு. வண்ணமும் கோலமும் அழகுக்காக மட்டும் அமைந்தனவல்ல. இன்ன குடி, இன்ன தகுதி என்பதை அவை உரைக்கும். செல்வம் பெற்ற ஒருவர் தம் நெல்லையும் கால்நடையையும் செலவிட்டு ஊரார் அனைவர்க்கும் பெருவிருந்து அளிப்பது பண்டை வழக்கம். அவ்விருந்தளித்தோரே சிறப்புப் போர்வைகளை அணியும் உரிமை பெற்றனர். ஈட்டியதால் அன்று, ஈந்ததால் வருவதே பெருமை என்னும் அறம் அந்நூலிழைகளில் உள்ளது. சகேசாங் போர்வைக்கு 2017 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குவோர் விலையை வினவுமுன் பொருளை வினவுவாராயின் நெய்தவரின் உள்ளம் நிறையும்.

விழாவிற்குப் பெயர் தந்த இருவாச்சி, நம் ஆனைமலைக் காடுகளிலும் வாழும் பெரும்பறவை. பெண்பறவை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண்பறவை சிறு இடைவெளி வழியே இரையூட்டும். அந்த ஆண்பறவை வீழ்ந்தால் தாயும் குஞ்சும் உணவின்றி வாடும். அதன் வாலிறகு நாகர் தலையணிகளின் பெருமைச் சின்னம். அப்பெருமையே வேட்டைக்கும் ஒரு காரணமாயிற்று. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைக்கு உயர்காப்பு அளித்துள்ளது. ஆடுவோர் பலர் இப்போது செயற்கை இறகுகளைச் சூடுகின்றனர். இறகு பொய்யாயினும் அதனைச் சூடும் உள்ளம் மெய்யானது. மெய்யிறகு விற்பார் எதிர்ப்படினும் பயணி அதனை வாங்குதல் கூடாது. அது குற்றமும் ஆகும்.

கோகிமாவிற்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோனோமா ஊரார் தாமே முன்வந்து வேட்டையைத் தடுத்து, 1998 இல் தம் காட்டைச் சரணாலயமாக ஒதுக்கினர். 1879 இல் ஆங்கிலப் படையை எதிர்த்து நின்ற வீரவூர் அது. படைக்கலத்தால் பெற்ற புகழினும், வேட்டைக் கருவியைக் கீழே வைத்ததால் பெற்ற புகழ் குறைந்ததன்று. விழாக் காணச் செல்வோர் ஒருநாளேனும் அத்தகைய ஊர் ஒன்றில் தங்குதல் நன்று.

சாதுவன் காட்டும் நெறி

மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன், கலம் கவிழ்ந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். கொன்றுண்ண வந்தோரிடம் அவர்தம் மொழியிலேயே அவன் பேச, அவர்கள் கொலை தவிர்த்துத் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். பெயரொற்றுமை ஒன்றே கொண்டு காப்பியம் கூறும் நாகரையும் இன்றைய நாகாலாந்து மக்களையும் ஒருவரெனக் கொள்ளுதல் ஆராய்ச்சி நெறியன்று. எனினும் சாதுவன் காட்டும் நெறி எந்நாட்டுப் பயணிக்கும் ஏற்றது. அயலவர் மொழியில் நான்கு சொற்களையேனும் கற்றுச் செல்வோன் அயலவனாகத் திரும்புவதில்லை.

உணவிலும் இந்நெறி வேண்டும். மோருங் அடுக்களைகளில் புகையூட்டிய பன்றியிறைச்சியும், அரிசியில் வடித்த கள்ளும் வழங்குவர். விலக்குடையோர் முகஞ்சுளியாது, 'எங்கள் வழக்கில் இது இல்லை' எனப் பணிவுடன் உரைத்தால் அவர்கள் பிழையாகக் கொள்ளார். சோறும், வேகவைத்த கீரையும், மூங்கிற்குருத்தும் அங்கு உண்டு. தம் கொள்கையைக் காப்பதும் பிறர் உணவை இழித்துரையாமையும் ஒருங்கே இயல்வனவே.

நாகர் மலை தொலைவிலுள்ளது. யாவரும் செல்லுதல் இயலாது. ஆயினும் தோடரும் கோத்தரும் இருளரும் குறும்பரும் வாழும் மலைகள் நமக்கு அண்மையில் உள்ளன. கல்விச் சுற்றுலாவாக அங்குச் செல்லும் மாணவர்க்கும் இம்முறைமை பொருந்தும். இசைவு பெற்று நுழைக. பெயர் வினவிப் பேசுக. பொருள் உணர்ந்து வாங்குக. அவர்தம் துயரையும் விழாவோடு சேர்த்து அறிக. விருந்தினராகச் செல்லத் தெரிந்தோர்க்கே விருந்து முழுமையாகக் கிட்டும்.