ஒற்றைக் காலில் ஒரு பாடம்

சிதம்பரம் கோயிலின் கிழக்குக் கோபுர வாயிலில் நுழையும்போது இருபுறச் சுவர்களையும் சற்று நின்று பாருங்கள். 108 கரணங்கள், அதாவது நாட்டிய நிலைகள், கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே நடராஜர் வலக்காலை ஊன்றி, இடக்காலைத் தூக்கி ஆடுகிறார். சிலை பீடத்தோடு பிணைந்தது, விழாது. அதே நிலையில் நிற்கும் நாட்டியக் கலைஞர் ஏன் விழுவதில்லை?

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அதுவே ஈர்ப்பு மையம். அதிலிருந்து இறங்கும் குத்துக்கோடு தாங்குதளத்துக்குள் விழுந்தால் பொருள் நிற்கும். வெளியே போனால் சாயும். நிமிர்ந்து நிற்கும் மனிதனின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலுக்குள் இருக்கிறது. ஒற்றைக் காலில் நின்றால் ஒரு பாதத்தின் பரப்பே தாங்குதளம். நாட்டியக் கலைஞர் அந்தச் சிறு பரப்புக்குள் குத்துக்கோட்டை நிறுத்தப் பழகியவர்.

இனி, உடல் பருத்த பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். படி இறங்கும்போது அவர் கைப்பிடியைத் தேடுகிறார். சிரிக்க வேண்டாம், அவர் படும் பாட்டை அறிய ஒரு சோதனை செய்யுங்கள். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் முன்புறம் மாட்டி நில்லுங்கள். உடல் தானாகவே பின்னுக்குச் சாய்கிறதல்லவா? இடுப்பில் ஓர் இறுக்கம் தெரிகிறதல்லவா?

கணக்கிட்டுப் பார்ப்போம். வயிற்றில் கூடுதலாக 10 கிலோ. அது முதுகெலும்புக்கு 20 செ.மீ. முன்னால் இருக்கட்டும். முதுகுத் தசைகளோ ஏறக்குறைய 5 செ.மீ. பின்னால்தான் இருக்கின்றன. நெம்புகோல் விதிப்படி 10 × 20 = 200; இதை 5 ஆல் வகுத்தால் 40. நிமிர்ந்து நிற்க வேண்டுமானால், தசைகள் 40 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். முதுகெலும்பு தாங்கும் கூடுதல் சுமை 10 அல்ல, 10 + 40 = 50 கிலோ! உடல் பெருக்கும் அளவுக்குப் பாதம் பெருப்பதுமில்லை. கால் இடறினால், கனத்த உடலைத் தடுத்து நிறுத்தப் பெரிய விசை தேவை.

இதற்கு வழி என்ன? உடற்பயிற்சிதான். வயிறு, முதுகு, இடுப்புத் தசைகள் நடு உடலைச் சுற்றிய கச்சை போன்றவை. அவை வலுப்பெற்றால் உடல் தள்ளாடாது. கண், உட்செவி, பாதம் ஆகியவை அனுப்பும் செய்திகளைக் கொண்டு மூளை தசைகளை ஏவுகிறது. பழகப் பழக இந்த ஏவலும் விரைவாகிறது. ஆகவே எடை குறையும் முன்பே நிலைப்பு மேம்படக்கூடும். எடை குறைந்தால் சுமையும் குறையும்.

நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுதல். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை உயர்த்துதல். சுவரோரமாக ஒரு குதிகாலை மறு கால்விரலை ஒட்டி வைத்து நடத்தல். சுவரைத் தொட்டபடி 10 வினாடி ஒற்றைக் காலில் நிற்றல்: இவை எளிய பயிற்சிகள். முழங்கால் வலி, தலைசுற்றல், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் பயிற்சி செய்யும்போது அருகில் நில்லுங்கள். இன்று 3 வினாடி நின்றவர் அடுத்த மாதம் 10 வினாடி நின்றால், அந்த வெற்றியில் உங்களுக்கும் பங்குண்டு!