இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட்ல 9,000 ரூபாய் குறைஞ்சுதா? அது எங்கயும் போகல!

விஸ்காம் முடிச்ச ஒரு தங்கச்சி. 2025 ஏப்ரல்ல சென்னையில ஒரு பிஆர் ஏஜென்சியில ஆறு மாச இன்டர்ன்ஷிப் சேர்ந்தாங்க. ஸ்டைபண்ட் மாசம் 15,000 ரூபாய். பிரஸ் ரிலீஸ் எழுதணும், நிருபர்களுக்கு போன் போட்டு பிரஸ் மீட்டுக்குக் கூப்பிடணும், மறுநாள் எந்தெந்த பேப்பர்ல செய்தி வந்திருக்குன்னு தொகுத்து கிளையன்ட்டுக்கு அனுப்பணும்.

மூணு மாசம் பணம் சரியா வந்தது. நாலாவது மாசம் அக்கவுன்ட்ல ஏறினது 9,000 மட்டும்தான். அதே மாசம் ஒரு பிரஸ் ரிலீஸ்ல கிளையன்ட் எம்.டி.யோட பதவியைத் தப்பா போட்டு, மேனேஜர்கிட்ட திட்டு வாங்கியிருந்தாங்க. "அதுக்குத்தான் பிடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன் சார். கேட்டா சர்டிஃபிகேட் தரமாட்டாங்களோன்னு பயம்."

அது அபராதம் இல்ல. டிடிஎஸ்.

என்ன நடந்தது?

நிறைய ஏஜென்சிகள் இன்டர்னை சம்பளக் கணக்குல சேர்க்கறது இல்ல. கொடுக்கற பணத்தை 'புரொஃபஷனல் ஃபீஸ்'னு எழுதி, 10% டிடிஎஸ் பிடிக்கறாங்க (2025-26 நிதியாண்டுல இது 194ஜே பிரிவுல இருந்தது). 2025-26 நிதியாண்டுல ஒரு கம்பெனி உங்களுக்குக் கொடுத்தது மொத்தம் 50,000 தாண்டினாதான் இந்தப் பிடித்தம். ஆனா தாண்டினதும் முழுத் தொகைக்கும் பிடிக்கணும்.

கணக்கைப் பாருங்க:

- முதல் 3 மாசம்: மொத்தம் 45,000. பிடித்தம் இல்ல.
- 4-வது மாசம்: மொத்தம் 60,000. அதுல 10% = 6,000. கைக்கு வந்தது 9,000.
- 5, 6-வது மாசம்: தலா 1,500 பிடித்தம். கைக்கு 13,500.

ஆக மொத்தம் 9,000 ரூபாய் அவங்க பான் நம்பர்ல அரசாங்கத்துக்குப் போயிருக்கு. சில கம்பெனிகள் முதல் மாசத்துல இருந்தே பிடிப்பாங்க. பான் கொடுக்காம விட்டீங்கன்னா 10% இல்ல, 20% போயிடும்.

திரும்ப வாங்க முடியுமா?

முடியும். அக்டோபர்ல இருந்து அவங்களுக்கு 30,000 ரூபாய் சம்பளத்துல வேலை. ஆறு மாசச் சம்பளம் 1,80,000, ஸ்டைபண்ட் 90,000, மொத்தம் 2,70,000. புதிய வரி முறையில 4 லட்சம் வரைக்கும் வரியே கிடையாது. வருமானம் அதைத் தாண்டினாலும், 2025-26 நிதியாண்டுக்கு 12 லட்சம் வரைக்கும் 87ஏ தள்ளுபடி இருக்கு. அதனால 9,000-மும் ரீஃபண்ட்.

ஆனா ஐடிஆர் போட்டாதான் ரீஃபண்ட் வரும். "என் வருமானத்துக்கு ரிட்டர்ன் கட்டாயம் இல்லையே"ன்னு விட்டுடறவங்கதான் இந்தப் பணத்தை இழக்கறாங்க.

செய்ய வேண்டியது

1. இன்கம் டேக்ஸ் போர்ட்டல்ல லாகின் பண்ணி 26ஏஎஸ், ஏஐஎஸ் ரெண்டையும் திறங்க. ஏஜென்சி பேரும் பிடிச்ச தொகையும் இருக்கணும். இல்லைன்னா ஹெச்ஆருக்கு மெயில் போடுங்க, போன்ல மட்டும் கேட்டு விடாதீங்க.
2. ஏஜென்சிகிட்ட ஃபார்ம் 16ஏ கேளுங்க. ஃபார்ம் 16 சம்பளத்துக்கு, 16ஏ இதுக்கு.
3. புது கம்பெனி கொடுத்த ஃபார்ம் 16-ஐ மட்டும் வச்சு அவசரமா ஐடிஆர்-1 போட்டுடாதீங்க. 90,000-ஐ காட்டாம அதுக்கான டிடிஎஸ்ஸை மட்டும் கேட்க முடியாது. ஏஐஎஸ்ல இருக்கற வருமானம் ரிட்டர்ன்ல இல்லைன்னா கேள்வியும் வரும். இன்டர்ன்ஷிப் லெட்டரை ஒரு ஆடிட்டர்கிட்ட காட்டி, எந்தத் தலைப்புல காட்டணும், எந்த ஃபார்ம்னு முடிவு பண்ணுங்க.
4. ஜூலையிலேயே முடிச்சிடுங்க. தவறிட்டா டிசம்பர் 31-க்குள்ளயாவது போடுங்க.

இப்போதான் சேரப் போறீங்களா?

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி. "ஸ்டைபண்ட்ல டிடிஎஸ் பிடிப்பீங்களா, எந்தப் பிரிவுல?" "பிரஸ் மீட்டுக்குப் போற ஆட்டோ, கேப் செலவைத் தனியா தருவீங்களா?" தனியா தர்றதா இருந்தா பில்லோட தனியா கிளெய்ம் பண்ணுங்க. ஃபீஸோட சேர்த்து ஒரே தொகையா வந்தா, நீங்க கைக்காசு போட்ட ஆட்டோவுக்கும் 10% போகும்.

இதைக் கேட்கறதுக்குக் கூச்சப்பட வேண்டாம். கிளையன்ட்டுக்காக தெரியாத நிருபருக்கு போன் போட்டுப் பேசற உங்களுக்கு, உங்க பணத்துக்காக ஹெச்ஆர்கிட்ட ஒரு கேள்வி கேட்கறது பெரிய விஷயமா?

அந்தத் தங்கச்சிக்கு 26ஏஎஸ் திறந்து காட்டினப்போ முதல்ல சொன்னது, "அப்போ என் தப்புக்காக இல்லையா சார்?" ஒன்பது ஆயிரத்தை விட அந்த நிம்மதிதான் அவங்களுக்குப் பெருசா இருந்தது. கேட்டிருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிருக்கும்.

26ஏஎஸ் எப்படி டவுன்லோட் பண்றதுன்னு நம்ம சேனல் வீடியோவுல ஸ்டெப் பை ஸ்டெப்பா காட்டியிருக்கேன். உங்க ஸ்டைபண்ட்ல எவ்வளவு பிடிச்சாங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. பான் நம்பரை மட்டும் அங்க போட்டுடாதீங்க!